புல்லா, மேடையா?

"கூடாரத்திலே தங்கலாம்மா!" என்று பிள்ளைகள் பிடித்த பிடிவாதத்தில்தான் 2024 மே மாதம் கொடைக்கானலுக்குக் கிளம்பினோம். வண்டிகளுக்கு இ-பாஸ் முறை அப்போதுதான் வந்திருந்தது. என் தங்கையும் எட்டு மாதக் கைக்குழந்தையோடு சேர்ந்து கொண்டாள்.

பூம்பாறைப் பக்கம் ஓர் இடம். போய் இறங்கியதுமே காவல்காரப் பெரியவர், "அம்மா, உங்களுக்கு மேடை வேணுமா, புல்லுத்தரை வேணுமா?" என்று கேட்டார். மேடை என்றால் சரளைக்கல் போட்டு இறுக்கி சிமென்ட் பூசியது. பார்க்கவே மொட்டையாக இருந்தது. புல்தரையோ மெத்தை விரித்த மாதிரி! "குழந்தை தவழ வேண்டாமா? புல்லே இருக்கட்டும்" என்றேன். "அது கொஞ்சம் பள்ளம்மா..." என்று இழுத்தார் பெரியவர். நான் காதில் வாங்கிக் கொண்டால்தானே!

ராத்திரி இரண்டு மணிக்குக் கோடைமழை இடியோடு பிடித்துக் கொண்டது. மேட்டிலிருந்து வழிந்த தண்ணீரெல்லாம் எங்கள் கூடாரத்தைத் தேடி வந்தது. ஜமுக்காளம் சொதசொதவென்று ஊறி, குழந்தையின் முதுகு ஐஸாகச் சில்லிட்டிருந்தது. உதடெல்லாம் நடுக்கம். "நீ சொன்னேன்னுதானேக்கா இங்கே படுத்தேன்..." என்று தங்கை அழுதாள். அந்த வார்த்தை இன்னும் என் நெஞ்சில் குத்துகிறது. ஈரத் துணியைக் களைந்து, குழந்தையை என் மார்போடு சேர்த்து அணைத்துச் சால்வையால் மூடி, விடியும் வரை காரில் உட்கார்ந்திருந்தேன். காலையில் அது சிரித்த பிறகுதான் எனக்கு உயிரே வந்தது.

சூடு கண்ட பூனை ஆயிற்றே! டிசம்பரில் மறுபடி போனபோது, "மேடைதான்" என்று ஒற்றைக் காலில் நின்றேன். மழைத் தொல்லை இல்லை. ஆனால் சிமென்ட் உடம்புச் சூட்டையெல்லாம் உறிஞ்சி, இடுப்பு கட்டை மாதிரி ஆகிவிட்டது. சிமென்டில் முளை இறங்காததால், கயிற்றைக் கல்லில் கட்டியதும் காற்றுக்கு நிற்கவில்லை. ஆனாலும் விடிந்து பார்த்தால், கீழே பள்ளத்துப் புல்லெல்லாம் உப்புத் தூவினாற்போல் உறைபனி! கனத்த குளிர்காற்று பள்ளத்தில் இறங்கித் தேங்கும் என்று பெரியவர் விளக்கினார். 'நல்ல வேளை!' என்று நினைத்துக் கொண்டேன்.

இரண்டு தடவையும் பட்டுத் தெரிந்து கொண்டதைச் சொல்கிறேன், சகோதரிகளே. முதலில், கூடாரம் போட அனுமதி உள்ள இடம்தானா என்று விசாரியுங்கள். மழைக்காலத்திலும், கைக்குழந்தை இருந்தாலும் மேடைதான் நல்லது. முளை இறங்காத மேடையில் கயிறு கட்ட வளையம் இருக்கிறதா என்று பாருங்கள். வானம் வெளுத்திருந்தால் புல்லில் படுக்கலாம். ஆனால் மேடான, சரிந்த இடமாக இருக்க வேண்டும். ஒரு சொம்புத் தண்ணீரை ஊற்றி எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்த்துவிடுங்கள். யூகலிப்டஸ் மரத்தடி மட்டும் வேண்டாம். கிளை முறிந்து விழும். காட்டுமாடுகள் மேய வருகிற தடத்திலும் கூடாரம் போடாதீர்கள்.

எந்தத் தரையானாலும் போர்வையை மேலே அடுக்குவதைவிட அடியில் அடுக்குவதுதான் முக்கியம். பழைய செய்தித்தாள், அதன்மேல் கோரைப்பாய், அதன்மேல் கம்பளி, பிறகுதான் குழந்தை. குளிருக்கென்று கரி அடுப்பைக் கூடாரத்துக்குள் வைத்துவிடாதீர்கள். அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்ஸைடுக்கு வாசனையே கிடையாது. தூக்கத்திலேயே உயிரைக் குடித்துவிடும்.

அடுத்த பயணத்துக்குத் தங்கையும் வருகிறாளாம். போனில் அவள் கேட்ட முதல் கேள்வி: "மேடைதானேக்கா?"

"மேடைதான்டி. பாயும் நானே கொண்டு வரேன்" என்றேன்.