விடாத காய்ச்சலா? சொந்த ஊரையும் கேளுங்கள்

மூக்கண்டப்பள்ளியில் வீட்டை வாடகைக்கு விட்டிருப்பவர்களே, மெடிக்கல் ஷாப் நடத்துவோரே, சிப்காட் கம்பெனிகளுக்கு ஆள் அனுப்பும் கான்ட்ராக்டர்களே,

நம் தெரு லைன் வீடுகளில் தங்கியிருக்கும் பீகார், ஜார்கண்ட் தம்பிகளுக்குக் காய்ச்சல் கண்டால் என்ன செய்கிறோம்? ஒரு பாராசிட்டமால் அட்டை. விடாவிட்டால் ஊசி. அப்புறம் டைபாய்டு, மலேரியா, டெங்கு டெஸ்ட். எல்லாம் ‘இல்லை’ என்று வந்தால் ஊருக்கு ரயிலேற்றி விடுகிறோம். இரண்டு வாரம் தாண்டியும் காய்ச்சல் நிற்காமல், உடம்பு இளைத்து, இடது விலாவுக்குக் கீழே மண்ணீரல் வீங்கிக் கைக்குத் தட்டுப்பட்டால் அது காலா அசாராக இருக்கலாம். பீகார், ஜார்கண்ட், மேற்கு வங்கம், உத்தரப் பிரதேசம் என நான்கு மாநிலங்களில் 54 மாவட்டங்களில் வேரூன்றிய நோய். இப்போது வெகுவாகக் குறைந்துவிட்டது. அதனாலேயே இங்கே யாருக்கும் சட்டென்று நினைவுக்கு வருவதில்லை. கவனிக்காமல் விட்டால் உயிருக்கே ஆபத்து.

வடக்கத்தி நோய், நமக்கென்ன என்று ஒதுக்கவும் முடியாது. 1903-ல் மருத்துவர் சார்லஸ் டோனோவன் இந்த நோயை உண்டாக்கும் ஒட்டுண்ணியைப் பார்த்தது சென்னை அரசு பொது மருத்துவமனையில், அங்கே வந்த நோயாளிகளின் மண்ணீரலில்தான். அதற்குப் பிறகும் நெடுங்காலம் மண்ணீரலிலோ எலும்பு மஜ்ஜையிலோ ஊசி குத்தித்தான் நோயை உறுதி செய்தார்கள். மண்ணீரலில் குத்தினால் உள்ளுக்குள் ரத்தம் கசியும் பயம் வேறு.

இன்று விரல்நுனி ரத்தம் ஒரு சொட்டு போதும். ஒட்டுண்ணியின் ஒரு புரதத்தில் 39 அமினோ அமிலங்கள் கொண்ட துண்டு திரும்பத் திரும்ப வருகிறது. அதற்கான மரபணுவைப் பாக்டீரியாவுக்குள் புகுத்தி, அந்தப் புரதத்தை ஆய்வகத்திலேயே உண்டாக்குகிறார்கள். பெயர் ஆர்கே39. பனாரஸ் இந்து பல்கலைக்கழகத்தின் ஷ்யாம் சுந்தர் குழுவினர் 1998-லேயே இந்திய நோயாளிகளிடம் இதைச் சோதித்துக் காட்டிவிட்டார்கள். டெஸ்ட் அட்டையில் கோடாகப் பூசிய இந்தப் புரதத்தில் ரத்தத்திலுள்ள எதிர்ப்பொருள் வந்து ஒட்டினால், இருபது நிமிடத்துக்குள் இரண்டாவது கோடு சிவக்கும். மங்கலாகத் தெரிந்தாலும் கோடு கோடுதான்.

ஆனால் முன்பு இந்நோய் வந்து குணமானவருக்கும் பல மாதம், சிலருக்கு வருடக் கணக்கில், கோடு விழும். அதனால் காய்ச்சலையும் மண்ணீரலையும் மருத்துவர் பார்த்த பிறகே இந்த டெஸ்ட். அட்டையை வாங்கி நாமே பார்த்துக்கொள்ளும் சமாச்சாரம் இல்லை.

இரண்டு வாரக் காய்ச்சலோடு இருப்பவரை ஓசூர் அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். இந்தி தெரிந்த ஒருவர் கூடப் போகட்டும். ஓ.பி. சீட்டில் நம்மூர் விலாசத்தோடு அவருடைய சொந்த மாவட்டத்தையும் எழுதச் சொல்லுங்கள், “காலா அசாராக இருக்குமா?” என்று மருத்துவரிடம் வாய்விட்டுக் கேளுங்கள். கான்ட்ராக்டர்களே, அன்றைய கூலியைப் பிடிக்காதீர்கள். வீட்டுக்காரர்களே, ரூமைக் காலி செய்யச் சொல்லாதீர்கள். தொட்டால் ஒட்டிக்கொள்ளும் நோயல்ல இது, மணல் ஈ கடித்துப் பரவுவது. பெரும்பாலானவர்களுக்கு ஆம்போடெரிசின்-பி மருந்தின் லைபோசோம் வகையை ஒரே ஒரு முறை நரம்பில் ஏற்றினாலே குணமாகிவிடும்.

இப்படிக்கு,
மூக்கண்டப்பள்ளி குடியிருப்போர் சிலர்