திருப்பி அனுப்ப ஆளில்லை

ரொறன்ரோவில் தமிழ்ப் புத்தகம் போட யாருடைய சம்மதமும் தேவையில்லை. சென்னைக்குக் காசு அனுப்பினால் 300 பிரதிகள் பெட்டியில் வந்து இறங்கும். பிறகு ஸ்காபரோவில் ஒரு மண்டபம், குத்துவிளக்கு, முதற்பிரதி வாங்க ஒரு வர்த்தகப் பிரமுகர். ஆறு பேர் பேசுவார்கள். இரண்டு பேராவது பின்னட்டையை மட்டுமே வாசித்திருப்பார்கள். வடை நன்றாக இருக்கும்.

நிராகரிப்பை எப்படித் தாங்குவது என்று எழுத வருகிறவர்கள் கேட்கிறார்கள். நிராகரிப்பு இங்கே எங்கே இருக்கிறது? அனுப்பிய கதைக்கு ஆறு மாதமாகப் பதில் வராது. ஆசிரியரைக் கடையில் கண்டால் "பாப்பம் தம்பி" என்பார். அல்லது அடுத்த இதழில் எழுத்துப்பிழைகளோடு அப்படியே வந்திருக்கும். இரண்டிலும் நடந்தது ஒன்றுதான்: ஒருவரும் வாசிக்கவில்லை.

என் தொழிலில் இன்னொருவர் பார்க்காமல் பத்து வரி கோட்கூட உள்ளே போகாது. நேற்று வேலைக்குச் சேர்ந்த பிள்ளை என்னுடையதைத் திருப்பி அனுப்பலாம், காரணத்தோடு. அதற்காக நாங்கள் முகத்தைத் திருப்பிக்கொள்வதில்லை. வங்கிக் கணக்கைக் கூட்டும் கோடுக்குக் கிடைக்கும் கவனம் ஒரு கதைக்குக் கிடையாதா?

உடனே சி.சு. செல்லப்பாவை இழுப்பார்கள். அவர் சொந்தக் காசில் புத்தகம் போட்டவர், சுமந்து போய் விற்றவர், உண்மை. ஆனால் 1959இல் அவர் 'எழுத்து' தொடங்கியதே விமர்சனத்துக்காகத்தான். 1974இல் தொடங்கிய க்ரியாவில் ராமகிருஷ்ணன், 2020இல் கொரோனா அவரைக் கொண்டுபோகும்வரை, பிரதியைச் செம்மையாக்குவதைப் பதிப்பாளரின் முதல் வேலையாக வைத்திருந்தார். இந்த ஊரில் 2001 முதல் இயல் விருது கொடுக்கிறோம், நல்லது. பிரதியைத் திருத்தித் தர எத்தனை பேர் இருக்கிறோம்?

"சின்னச் சமூகம், நாளைக்குக் கலியாண வீட்டில் முகம் பார்க்க வேண்டும்" என்கிறார்கள். இரவு வேலை முடிந்து வந்து, 83 கலவரத்தில் தான் கண்டதை எழுதும் ஒரு அக்காவை நினைத்துப் பாருங்கள். "உங்கள் கதை மூன்றாம் பக்கத்தில்தான் தொடங்குகிறது, முதல் இரண்டையும் வெட்டுங்கள்" என்று அவருக்கு ஒருவரும் சொல்லவில்லை. பொன்னாடை போர்த்தினோம். மிச்சப் பிரதிகள் அஜின்கோர்ட்டில் ஒரு பேஸ்மென்டில் கிடக்கின்றன. அவர் பிறகு எழுதவில்லை.

ஆகவே ஆசிரியர்களே, இந்தச் சஞ்சிகையின் ஆசிரியர் உட்பட: வேண்டாமென்றால் வேண்டாம் என்று எழுதுங்கள். ஏன் என்று மூன்று வரி சேருங்கள். எழுதுகிறவர்களே, மண்டபக் காசில் பாதியை முதலில் ஒரு நல்ல பிரதி திருத்துநரிடம் கொடுங்கள்.