பத்து நிமிஷம் கிடைத்தால் என்ன கேட்பது?

(ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் கருத்து)



விண்வெளியில் இருப்பவர்களோடு பள்ளிக்கூடப் பிள்ளைகள் ரேடியோவில் பேச முடியும். இது கதை இல்லை, நிஜம். 2000-ஆம் ஆண்டு டிசம்பர் 21-ல் அமெரிக்காவில் இல்லினாய்ஸ் மாநிலத்து பர்பேங்க் ஊர்ப் பள்ளிப் பிள்ளைகள், சர்வதேச விண்வெளி நிலையத்தில் இருந்த பில் ஷெப்பர்டுடன் பேசினார்கள். அந்த நிலையத்தோடு பேசிய முதல் பள்ளி அதுதான். அதற்குப் பிறகு பல நாட்டுப் பிள்ளைகள் ஆயிரம் தடவைக்கு மேல் இப்படிப் பேசிவிட்டார்கள். நம் நாட்டு சுபான்ஷு சுக்லா 2025 ஜூனில் மேலே போனாரே, அவரும் ஜூலை 4-ல் பெங்களூர் யு.ஆர்.ராவ் செயற்கைக்கோள் மையத்தில் கூடியிருந்த மாணவர்களோடு ரேடியோவில் பேசினார்.

நம் பள்ளியும் ஒரு நாள் பேச வேண்டும் என்று எனக்கு ரொம்ப ஆசை. ஆனால் அதைச் சொல்ல நான் இதை எழுதவில்லை. அப்படி ஒரு வாய்ப்பு வந்தால் யார் பேசுவது, என்ன கேட்பது என்பதில்தான் எனக்கு ஒரு கருத்து இருக்கிறது.

முதலில் இந்த ரேடியோவைப் பற்றிக் கொஞ்சம். இதை ஹாம் ரேடியோ என்கிறார்கள். சினிமாப் பாட்டுக் கேட்கிற ரேடியோ இல்லை. இதில் நாமும் பேசலாம், எதிரில் இருப்பவரும் பேசலாம். இதற்கு மத்திய அரசின் தேர்வு எழுதி உரிமம் வாங்க வேண்டும். 12 வயது ஆனாலே எழுதலாம், அதாவது நம்மில் பாதிப் பேருக்கு வயசு வந்துவிட்டது! 2004 டிசம்பரில் சுனாமி வந்தபோது அந்தமானில் போன் எல்லாம் செத்துப்போச்சு. அப்போது போர்ட் பிளேரில் இருந்து பாரதி பிரசாத் என்ற அம்மா ஹாம் ரேடியோவில்தான் சேதி அனுப்பினார்.

விண்வெளியில் இருந்து முதன்முதலாக ஹாம் ரேடியோவில் பேசியவர் ஓவன் கேரியட். 1983-ல் கொலம்பியா விண்கலத்தில் போனபோது கையோடு ஒரு சின்ன ரேடியோ கொண்டுபோனார். ஜோர்டான் நாட்டு மன்னர் ஹுசேன் ஒரு ஹாம் என்பதால் அவரும் பேசினார். அவரைப் போலவே பேர் தெரியாத எத்தனையோ பேரும் பேசினார்கள். ராஜா என்பதால் அவருக்கு மட்டும் ரேடியோ அலை தனியாக வராது இல்லையா, எனக்கு அது ரொம்பப் பிடித்தது. கேரியட்டின் மகன் ரிச்சர்டும் 2008-ல் விண்வெளி நிலையத்துக்குப் போய் அங்கிருந்து ஹாம் ரேடியோவில் பேசினார்.

சரி, ஏன் பத்து நிமிஷம்? விண்வெளி நிலையம் சுமார் 400 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகிறது. ஒரு வினாடிக்கு ஏழரை கிலோமீட்டருக்கும் மேல் போகும். பூமியை ஒரு சுற்று சுற்ற 90 நிமிஷம்தான். அது அனுப்புகிற 145.800 மெகாஹெர்ட்ஸ் அலை நேர்கோட்டில் வரும், பூமியின் வளைவுக்கு அந்தப் பக்கம் போய்விட்டால் கிடைக்காது. அதனால் அது மேற்கு அடிவானத்தில் ஏறிக் கிழக்கே இறங்குகிற அந்தக் கொஞ்ச நேரத்துக்குள் பேசி முடிக்க வேண்டும். கிட்ட வரும்போது அலை கொஞ்சம் ஏறும், விலகும்போது இறங்கும், ரயில் சத்தம் மாதிரி. (பத்தாம் வகுப்பு அக்காக்களுக்கு டாப்ளர் விளைவு பாடத்திலேயே இருக்கிறது.) ஒருவர் பேசும்போது இன்னொருவர் பேச முடியாது. அதான் பேசி முடித்ததும் "ஓவர்" என்று சொல்லிவிட்டுப் பொத்தானை விட வேண்டும். எப்படிப் பார்த்தாலும் இருபது கேள்விக்கு மேல் போவது கஷ்டம்.

இப்போது என் கருத்துக்கு வருகிறேன்.

சுக்லா பேசிய சேதி வந்த பிறகு எங்கள் வகுப்பில் ஆளுக்கொரு கேள்வி எழுதச் சொன்னார் டீச்சர். பாதிப் பேருக்கு மேல் "என்ன சாப்பிடுவீர்கள்? எப்படித் தூங்குவீர்கள்?" என்றுதான் எழுதினார்கள். இதற்குப் பதில் நூலகப் புத்தகத்திலேயே இருக்கிறது. சுவரில் கட்டிய பையில் தூங்குகிறார்கள். 400 கிலோமீட்டர் மேலே இருப்பவரிடம் கிடைக்கும் அரை நிமிஷத்தை இதற்குச் செலவழிப்பது, கலெக்டர் ஊருக்கு வந்தால் "மணி என்ன சார்?" என்று கேட்பது மாதிரி.

ஆனால் சில பேர் எழுதியது வேற மாதிரி. ஒரு பையன், "மேலேயிருந்து பார்த்தால் எங்கள் ஏரியில் தண்ணி இருக்கா, வத்திப்போச்சா என்று தெரியுமா?" என்று எழுதியிருந்தான். அவன் வீட்டில் விவசாயம். இன்னொருத்தி, "அங்கே அழுதால் கண்ணீர் கீழே விழாதே, எங்கே போகும்?" என்று எழுதினாள். (கண்ணிலேயே உருண்டையாக ஒட்டிக்கொண்டு நிற்கும். 2013-ல் கிறிஸ் ஹாட்ஃபீல்டு கண்ணில் தண்ணீர் விட்டு அங்கிருந்தே செய்து காட்டியிருக்கிறார்.)

என் பக்கத்தில் உட்காருகிறவள் எழுதியது இது: "நீங்கள் மேலே இருக்கும்போது உங்கள் வீட்டில் யாராவது இறந்துபோனால் என்ன செய்வீர்கள்?"

அதைப் படித்ததும் வகுப்பே உச்சுக் கொட்டியது. அபசகுனமா கேட்காதே என்றார்கள் சில பேர். ஆனால் அது நிஜமாகவே நடந்திருக்கிறது. டேனியல் டானி என்ற வீரர் விண்வெளி நிலையத்தில் இருந்தபோது, 2007 டிசம்பரில் அவருடைய அம்மா காரில் போகையில் ரயில் மோதி இறந்துவிட்டார். அவரால் உடனே வர முடியவில்லை. 2008 பிப்ரவரியில்தான் கீழே இறங்கினார். இதைக் கேட்டவளுடைய அப்பா துபாயில் வேலை பார்க்கிறார். போன வருஷம் பாட்டி செத்தபோது அவராலும் வர முடியவில்லை. அவள் விளையாட்டுக்கு எழுதவில்லை. என்னைக் கேட்டால் அந்த இருபதில் முதல் கேள்வி அதுதான்.

ஆனால் அவளை யாரும் தேர்ந்தெடுக்க மாட்டார்கள் என்று எனக்குப் பயம். ஏன்னா அவளுக்கு இங்கிலீஷ் வராது. ஒரு விழாவுக்குப் பெரிய விருந்தினர் வந்தபோது அவரிடம் கேள்வி கேட்க ஐந்து பேரைப் பொறுக்கினார்கள். ஐந்து பேருமே இங்கிலீஷ் நன்றாகப் பேசுகிறவர்கள். கேள்வியையும் பெரியவர்களே எழுதிக் கொடுத்தார்கள், அவர்கள் மனப்பாடம் செய்து ஒப்பித்தார்கள். அந்த ஐந்து பேர் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆசிரியர்களும் கோபித்துக்கொள்ள வேண்டாம். ஆனால் கேட்க ஆசைப்பட்டவர்கள் கடைசி வரிசையில் உட்கார்ந்து கைதட்டினார்கள், அதைச் சொல்லத்தானே வேண்டும்.

ரேடியோவில் இங்கிலீஷ்தான் பேச வேண்டும் என்று சட்டம் இல்லை. ஜப்பான் வீரர்கள் ஜப்பான் பிள்ளைகளோடு ஜப்பான் மொழியில் பேசியிருக்கிறார்கள். இத்தாலியின் சமந்தா கிறிஸ்டோஃபொரெட்டி இத்தாலிப் பிள்ளைகளோடு இத்தாலியனில் பேசியிருக்கிறார். ககன்யானுக்கு இந்தியா தேர்ந்தெடுத்த நான்கு பேரில் அஜித் கிருஷ்ணன் சென்னையில் பிறந்தவர். அவர் மேலே போகும்போது தமிழில் கேட்டுப் பார்க்கலாமே! இங்கிலீஷில்தான் கேட்டாக வேண்டும் என்றாலும் ஒரு கேள்விக்கு ஒரே ஒரு வாக்கியம்தான். ஒரு வாக்கியத்தை ஒரு மாசம் பழகினால் யாருக்கு வராது?

இன்னொன்று. "இதெல்லாம் எதுக்கு, இப்பதான் வீடியோ கால் இருக்கே" என்று என் அண்ணன் கேட்டான். பிரதமர் 2025 ஜூன் 28-ல் சுக்லாவிடம் வீடியோவில்தான் பேசினார், உண்மைதான். ஆனால் அது மேலேயுள்ள பெரிய அலுவலகங்கள் ஏற்பாடு செய்தால்தான் நடக்கும். ரேடியோ அப்படி இல்லை. 1991-ல் செர்கெய் கிரிகாலேவ் மிர் நிலையத்தில் இருக்கும்போதே அவருடைய சோவியத் நாடு உடைந்துபோனது. அந்த மாசங்களில் பூமியில் அவரவர் வீட்டில் உட்கார்ந்திருந்த ஹாம் ஆட்கள் அவரோடு பேசினார்கள்.

பள்ளிகள் பேச வேண்டும் என்றால் முதலில் விண்ணப்பம் போட வேண்டும். பிள்ளைகளுக்கு என்னென்ன சொல்லிக்கொடுக்கப் போகிறோம் என்று திட்டம் எழுதிக் கொடுக்க வேண்டும். அதற்குப் பிறகும் மாசக்கணக்கில் காத்திருக்க வேண்டும். பேசும்போது உரிமம் உள்ள ஒருவர் கூடவே இருப்பார், அதனால் நமக்கு உரிமம் தேவையில்லை. பெரிய ஆன்டெனாவும் கட்டாயம் இல்லை. வேறு நாட்டில் இருக்கும் ஹாம் நிலையம் சிக்னலைப் பிடித்து டெலிபோன் வழியாகப் பள்ளிக்குக் கொடுக்கிற முறையும் இருக்கிறது. நம் ஆண்டு விழா ஸ்பீக்கர் போதும்.

அது எப்போ நடக்கும் என்று பார்த்துக்கொண்டிருக்காமல் கேள்விகளை இப்போதே சேர்க்கலாம் என்று அறிவியல் டீச்சரிடம் கேட்டேன், சரி என்று சொல்லிவிட்டார். இந்தச் சுவருக்குக் கீழே ஒரு சாக்பீஸ் டப்பா வைத்திருக்கிறோம். உங்கள் கேள்வியைத் தமிழில் எழுதி வெள்ளிக்கிழமைக்குள் போடுங்கள். பேர் எழுத வேண்டாம், வகுப்பு மட்டும் போதும். சாப்பாட்டுக் கேள்வி இருபத்தேழு ஏற்கெனவே இருக்கிறது.