பாகற்காயும் ஊசியும்

பெங்களூரை அடுத்த ஆனேக்கல் வட்டத்தில், பொம்மசந்திராவில் இருக்கும் பயோகான் நிறுவனம் ஈஸ்ட்டைக் கொண்டு தயாரித்த இன்சுலினை 2004இல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. சர்க்கரை நோயாளிகள் பலருக்கோ அதற்கு வெகுகாலம் முன்பிருந்தே பாகற்காய்ச் சாறுதான் இன்சுலின்.

இந்த நம்பிக்கையில் விஷயம் இல்லாமல் இல்லை. ராஜஸ்தான் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த புஷ்பா கன்னா குழுவினர் பாகலிலிருந்து பிரித்தெடுத்த ஒரு புரதம் ரத்தச் சர்க்கரையைக் குறைத்ததாக 1981இல் அறிவித்தனர். 'தாவர இன்சுலின்' என்று பேர் பரவியது. அது தோலுக்கடியில் ஊசியாகப் போடப்பட்டது என்ற தகவல் மட்டும் சமையலறை வரை வந்து சேரவில்லை. குடித்தால் புரதத்தை வயிறு செரித்துவிடும். இன்சுலினை ஊசியாகப் போடுவதும் அதனால்தான்.

கசப்புப் பொருள்களின் கதை வேறு. 2008இல் ஆஸ்திரேலிய, சீன விஞ்ஞானிகள் அவற்றில் நான்கு, செல்கள் சர்க்கரையை எடுத்துக்கொள்ளத் தூண்டுவதைக் கண்டறிந்தனர். ஆனால் அது சோதனைக்கூடத்தில். நோயாளிகளிடம்? தாய்லாந்தில் நடந்து 2011இல் வெளியான ஆய்வில் தினம் 2,000 மில்லிகிராம் பாகல் ஓரளவு பலன் தந்தது. 1,000 மில்லிகிராம் மெட்ஃபார்மின் அதைவிட நன்றாகவே வேலை செய்தது. 2012இல் காக்ரேன் அமைப்பு 479 பேர் பங்கேற்ற நான்கு சோதனைகளை அலசிவிட்டு, ஆதாரம் போதாது என்றது.

மாத்திரையை நிறுத்திவிட்டுச் சாறு குடிப்பவருக்குச் சர்க்கரை ஏறும். மாத்திரையோடு சேர்த்துக் குடிப்பவருக்கு அளவுக்கு மீறி இறங்கிவிடலாம். கறியாகச் சாப்பிடுவதற்குத் தடையில்லை. கன்னட வீடுகளின் பாகற்காய் கொஜ்ஜுவில் வெல்லம் தாராளமாக விழுவது தனிக்கதை.