பேரு போட் மெயில், போட் எங்கே?

குறுவை அறுப்பு ஒரு வழியா முடிஞ்சுது. சம்பாவுக்கு நாத்து விட்டாச்சு. கொள்முதல் நிலையத்துல சாக்குக்கு அலைஞ்ச கதையை அடுத்த பதிவுல எழுதறேன். இன்னைக்கு வயலை விட்டுக் கொஞ்சம் வெளியே போவோம். ரயிலும் கப்பலும்தான் விஷயம்.

"விவசாயிக்கு எதுக்குய்யா கப்பல் கதை, நீ என்ன கப்பல்லயா ஏறப் போறே?" அப்படின்னு டீக்கடையிலேயே கேட்டுட்டாங்க. கேக்கறது நியாயம்தான். ஆனா நாகப்பட்டினம் மாவட்டத்துக்காரன் கப்பலைப் பத்திப் பேசாம வேற யார் பேசறது? எங்க பக்கத்துல ஊருக்கு நாலு வீட்டுக்காரங்க பினாங்கு, சிங்கப்பூர்னு போனவங்க. ரஜூலா கப்பல், அதுக்கப்புறம் சிதம்பரம் கப்பல்னு பெரியவங்க வாயில வராத நாளே கிடையாது. நாகப்பட்டினத்துல பெரிய கப்பல் கரைக்கு வராது. தள்ளி நடுக்கடல்ல நங்கூரம் போட்டு நிக்கும். மூட்டை முடிச்சோட படகுல போய்த்தான் ஏறணும். அந்தக் கஷ்டத்துலயும் போனாங்க. ஏன்னா ரயில்ல வந்து இறங்கினா துறைமுகம் பக்கத்துல. அவ்வளவுதான் விஷயம்.

இங்க ஒரு சரித்திரம் சொல்லணும். நம்ம தஞ்சாவூர்ச் சீமைக்கு ரயில் எங்கேருந்து வந்துச்சு தெரியுமா? மெட்ராஸ்லேருந்து இல்லை. நாகப்பட்டினத்துலேருந்து. கிரேட் சதர்ன் ஆஃப் இந்தியா ரயில்வேன்னு ஒரு கம்பெனி 1861-62ல நாகப்பட்டினத்தையும் திருச்சியையும் தண்டவாளத்தால இணைச்சுது. வெள்ளைக்காரன் நமக்காகப் போடலை. நெல்லையும் சரக்கையும் ஆளையும் கப்பலுக்குக் கொண்டு போறதுக்காகப் போட்டான். தேயிலைத் தோட்டத்துக்கும் ரப்பர் தோட்டத்துக்கும் ஆள் பிடிச்சுப் போனது இந்த மாதிரி வழியிலதான். அந்தப் பாவத்தை நான் மறைக்கலை. ஆனா ஒரு விஷயத்துல அவன் கணக்கு சரி. கப்பல் இருக்கிற இடத்துக்கு ரயில் போகணும், ரயில் வர்ற நேரத்துக்குக் கப்பல் நிக்கணும். இது அவனுக்கு 160 வருஷத்துக்கு முன்னாடியே தெரிஞ்சிருந்துச்சு. ரயில்வே பட்டறையே நாகப்பட்டினத்துலதான் இருந்துச்சு, 1920களோட கடைசியில பொன்மலைக்குப் போற வரைக்கும்.

தெற்கே இன்னும் விசேஷம். 1914ல பாம்பன் பாலம் திறந்த பிறகு எழும்பூர்ல ஏறினா தனுஷ்கோடி. இறங்கினா கப்பல். கப்பல் தலைமன்னார்ல விட்டா அங்க ரயில் நிக்கும். அது கொழும்பு கோட்டை வரைக்கும் போகும். ஒரே டிக்கெட்டு. இதுக்குத்தான் போட் மெயில்னு பேரு. 1964 டிசம்பர் புயல்ல தனுஷ்கோடியே போச்சு. பாம்பன்லேருந்து போன பாசஞ்சர் ரயிலையும் அதுல இருந்த சனங்களையும் கடல் கொண்டு போச்சு. அதுக்கப்புறம் ராமேஸ்வரத்துலேருந்து கப்பல் ஓடுச்சு. 80கள்ல இலங்கையில சண்டை மூண்டதும் அதுவும் நின்னுது. இன்னைக்கும் எழும்பூர்லேருந்து ராமேஸ்வரம் போற வண்டியைப் பழைய ஆளுங்க போட் மெயில்னுதான் சொல்றாங்க. மெயில் இருக்கு, போட்டைக் காணோம். 2025 ஏப்ரல்ல புதுப் பாம்பன் பாலம் திறந்தாச்சு. நடுவுல தூக்கிக் கப்பலுக்கு வழி விடற பாலம். பாலத்துக்கு அடியில கப்பல் போகும், பாலத்து மேல ரயில் போகும். ரயில்ல வந்தவன் ஏறிப் போக மட்டும் கப்பல் கிடையாது!

சரி, இப்ப நம்ம ஊர் கதைக்கு வருவோம்.

2023 அக்டோபர் 14ஆம் தேதி நாகப்பட்டினம் - காங்கேசன்துறை கப்பலைப் பிரதமர் காணொலியில தொடங்கி வெச்சார். செரியபாணின்னு கப்பல். ஒரு வாரம் தாண்டலை, மழைக்காலம்னு நிறுத்தியாச்சு. மறுபடி 2024 ஆகஸ்ட் 16ஆம் தேதி சிவகங்கைன்னு வேற கப்பல். வாரத்துக்கு எத்தனை நாள் ஓடும்ங்கிறது அதுக்குள்ள பல தடவை மாறிடுச்சு. கடல்ல நாலு மணி நேரம் போல. நாகப்பட்டினத்துலேருந்து ரோட்டு வழியா மதுரை போற நேரம்கூட ஆகாது, யாழ்ப்பாணத்து மண்ணுல கால் வெச்சிடலாம்.

இதுல எனக்குக் கோபம் வர்ற இடம் எது தெரியுமா? ரயில் இல்லைங்கறது இல்லை. ரயில் இருக்கு! எழும்பூர்ல ராத்திரி கிளம்பி காரைக்கால் போற எக்ஸ்பிரஸ், விடியறதுக்குள்ள நாகப்பட்டினத்துல நிக்குது. திருச்சி, தஞ்சாவூர், திருவாரூர் வழியா பாசஞ்சர் வண்டியும் வருது. துறைமுகமும் அதே ஊர்ல. ஸ்டேஷனுக்கும் கப்பலுக்கும் நடுவுல மலையா இருக்கு, காடா இருக்கு? ரெண்டும் ஒரே ஊர்ல இருந்துக்கிட்டு ஒன்னையொன்னு முகம் பாக்காம இருக்கு, பங்காளி சண்டை மாதிரி.

ஒருதரம் எங்க பக்கத்து ஸ்டேஷன் ஒன்னுல, பேர் வேண்டாம், கவுண்டர்ல கேட்டேன். "சார், கப்பல் போற நாள்ல வண்டி லேட்டானா கப்பல்காரங்களுக்குச் சொல்லுவீங்களா?" அவர் கண்ணாடியைக் கழட்டிட்டு என்னைப் பாத்தார். "கப்பலா? அதுக்கும் எங்களுக்கும் சம்பந்தமே இல்லைங்க" அப்படின்னார். அவரைக் குத்தம் சொல்லலை. அவர் உண்மையைத்தான் சொன்னார். சம்பந்தம் பண்ணி வைக்க வேண்டியவங்க பண்ணலை.

வெளிநாட்டுல எப்படி நடக்குதுன்னு பாருங்க. லண்டன்லேருந்து ஹாலந்து போற கப்பலுக்கு ஹார்விச்னு ஒரு துறை. ரயில்வே ஸ்டேஷன் கப்பல் முனையத்தோட ஒட்டியே இருக்கு. அந்தக் கரையில ஹூக் ஆஃப் ஹாலந்து, அங்கேயும் ஸ்டேஷன் பக்கத்துலயே. ரயிலுக்கும் கப்பலுக்கும் சேத்து ஒரே டிக்கெட்டா விக்கறாங்க. ரோம்ல இருக்கிறவன் சொகுசுக் கப்பல் ஏற ரயில்ல சிவிட்டவெக்கியா போய் இறங்கறான். இதெல்லாம் ராக்கெட் விடற வேலை இல்லை. ரெண்டு ஆபீஸ்காரங்க ஒரு மேஜையில உக்காந்து நேர அட்டவணை எழுதற வேலை.

நம்மகிட்ட இல்லையான்னா, இருந்துது. கொச்சியில வெலிங்டன் தீவுல துறைமுகத்து ஓரத்துலயே கொச்சின் ஹார்பர் டெர்மினஸ்னு ஸ்டேஷன். நடுவுல ஒருதரம் விட்டுப் பாத்ததைத் தவிரப் பல வருஷமா அங்க பயணிகள் ரயில் ஒழுங்கா ஓடலை. அதே தீவுல 2021ல சாகரிகான்னு சொகுசுக் கப்பல் முனையம் கட்டித் திறந்தாங்க. ஒரே தீவுல ஸ்டேஷனும் இருக்கு, முனையமும் இருக்கு. அது துருப்பிடிச்சுக் கிடக்க, இது பளபளன்னு நிக்குது. நம்ம மாயவரத்துலேருந்து தரங்கம்பாடி போன ரயில் கதையும் இதேதான். 80கள்ல மூடினாங்க, தண்டவாளத்தையும் பிடுங்கிட்டாங்க.

சென்னையை எடுத்துக்கங்க. 2022 ஜூன்ல சொகுசுக் கப்பல் பயணத்தை முதல்வர் கொடியசைச்சுத் தொடங்கி வெச்சார். எழும்பூர்லேருந்து மின்சார ரயில்ல பூங்கா, கோட்டை, கடற்கரை. மூணாவது ஸ்டேஷன். 1931லேருந்து மின்சார ரயில் ஓடற தடம். கடற்கரை ஸ்டேஷனுக்கு எதிர்ல துறைமுகம். ஆனா "கடற்கரை ஸ்டேஷன்ல இறங்கி வாங்க"ன்னு ஒரு கப்பல் விளம்பரத்துலகூட நான் பாத்ததில்லை. கப்பல்ல போறவன்னா கார்லதான் வருவான்னு ஒரு நினைப்பு. இந்த நினைப்புதான் நோய். கப்பல் பணக்காரனுக்கு, ரயில் ஏழைக்கு, ரெண்டும் சேரக் கூடாதுன்னு யார் சட்டம் போட்டது?

காங்கேசன்துறை கப்பலுக்கு 2023ல வெச்ச டிக்கெட்டு 7,670 ரூபாய், வரியெல்லாம் சேத்து. அந்த வருஷம் சன்ன ரக நெல்லுக்குக் கொள்முதல் விலை குவிண்டாலுக்கு 2,310. ஒரு ஆள் ஒரு வழி போக மூணு குவிண்டால் நெல்லுக்கு மேல அளக்கணும். இதுல சென்னையிலேருந்தோ கோயம்புத்தூர்லேருந்தோ வாடகைக் கார் வேற பிடின்னா யார் வருவா? ரயிலைச் சேத்தாத்தான் மொத்தச் செலவு குறையும்.

இனி எதிர்ப் பாட்டுப் பாடறவங்களுக்குப் பதில்.

"ஆள் வராதுங்க"ன்னு சொல்றாங்க. இன்னைக்கு ஓடும், நாளைக்கு ஓடாது, வண்டி கிடைக்குமா தெரியாதுன்னா எவன் வருவான்? எங்க ஊர் மினி பஸ்ஸும் இப்படித்தான் நின்னுச்சு. நேரத்துக்கு வராது, அதனால ஆள் ஏறாது, ஆள் ஏறலைன்னு பஸ்ஸை நிறுத்திட்டாங்க. நாகூர் கந்தூரிக்கும் வேளாங்கண்ணித் திருவிழாவுக்கும் யாழ்ப்பாணத்துச் சனம் வர ஆசைப்படாதா? சிதம்பரத்துக்கு வராதா? இங்கேருந்து நல்லூருக்குப் போக மாட்டாங்களா?

"அதான் விமானம் இருக்கே"ன்னு ஒரு கட்சி. இருக்கு. 2019ல சென்னை - யாழ்ப்பாணம் பறக்க ஆரம்பிச்சுது. சந்தோஷம். விமானத்துல ஏறணும்னா நாகப்பட்டினத்துக்காரன் முதல்ல வேற ஊருக்குப் போகணும். வாசல்ல இருக்கிற கடலைத் தாண்ட அவ்வளவு தூரம் போய்ட்டு வரணுமாம்!

"மழைக்காலத்துல ஓடாது"ங்கறது மட்டும் நியாயமான பேச்சு. வடகிழக்குப் பருவமழையில கடல் சும்மா இருக்காது, எங்களுக்குத் தெரியாததா? ஆனா நாங்க அந்த மழையை வெச்சுத்தானே சம்பா போடறோம்? இந்தப் பட்டத்துல இது, அந்தப் பட்டத்துல அதுன்னு திட்டம் போடறோம். கப்பலுக்கும் ஒரு பட்டம் வெச்சுட்டுப் போங்க. இந்தத் தேதியிலேருந்து இந்தத் தேதி வரைக்கும் ஓடாதுன்னு வருஷ ஆரம்பத்துலேயே சொல்லிட்டா எவன் திட்டப் போறான்?

இப்ப விவசாயியா என் சொந்தப் பயத்தைச் சொல்றேன். இதுதான் எனக்கு முக்கியம். துறைமுகம் வளரணும், போக்குவரத்து பெருகணும்னு பேச்சு வந்தா அடுத்த வரி என்ன தெரியுமா? ரோடு. விழுப்புரம் - நாகப்பட்டினம் நாலு வழிச் சாலைக்கு எவ்வளவு நஞ்சை போச்சுன்னு அந்த ரோட்டுல போறவங்க ரெண்டு பக்கமும் பாத்தாத் தெரியும். 2020ல வேளாண் பாதுகாப்பு மண்டலம்னு சட்டம் போட்டாங்க. சட்டம் இருக்கு, மண்ணு லாரியும் ஓடுது. கப்பலுக்குக் கார்லதான் வரணும்னு ஆயிட்டா நாளைக்கு இன்னொரு ரோடு, அதுக்கு ஒரு புறவழி, அதுக்குப் பக்கத்துல மனைக்கட்டு. வாய்க்கால் அடைபட்டு என் வயல்ல தண்ணி நிக்கும். ரயிலுக்கு அந்தத் தேவை இல்லை. 1861ல எங்க முப்பாட்டன் நிலத்தை எடுத்துப் போட்ட பாதை அப்படியே இருக்கு. அதுல ஓடற வண்டியைக் கப்பலுக்குச் சேத்துவிட ஒரு குழி நிலம்கூட வேண்டாம். அதனாலதான் கப்பல் ஏறாத நானும் கத்தறேன்.

கேக்கறது பெருசா ஒன்னும் இல்லை:

1. எழும்பூர் - காங்கேசன்துறை ஒரே டிக்கெட்டு. திருச்சியிலேருந்தும் அதே மாதிரி.
2. கப்பல் ஓடற நாள்ல நாகப்பட்டினம் ஸ்டேஷன் வாசல்லேருந்து துறைமுகத்துக்கு ஒரு அரசு பஸ், வண்டி நேரத்துக்கு.
3. வண்டி தாமதமானா கப்பல் கொஞ்சம் காத்திருக்கணும். கப்பல் ரத்தானா ரயில் டிக்கெட்டுக் காசு முழுசாத் திரும்பணும்.
4. ஓடாத மாசம் எதுன்னு முன்கூட்டியே அறிவிப்பு.
5. ஸ்டேஷன்ல விடியக்காலை இறங்கற பொம்பளைங்க, பிள்ளைங்க உக்கார ஒரு நல்ல அறை, சுத்தமான கழிப்பறை.

கோடி கோடியாக் கேக்கலை. பாலம் கேக்கலை. இருக்கிற ரயிலையும் இருக்கிற கப்பலையும் சேத்து வைங்கன்னு கேக்கறோம்.

வர்ற அக்டோபர் 2 கிராம சபையில இதைத் தீர்மானமாக் கொண்டு வர எழுதி வெச்சிருக்கேன். ரயில் திருச்சிக் கோட்டத்துக்குக் கீழ வருது, அங்கேயும் ஒரு நகல் போகும், எம்.பி.க்கும் போகும். கீழ்வேளூர், திருவாரூர், திருத்துறைப்பூண்டி, வேதாரண்யம் பக்கத்து உறவுகள் உங்க ஊர் சபையிலயும் ஒரு தீர்மானம் போடுங்க. ஒரு ஊர் கேட்டா மனு. நாப்பது ஊர் கேட்டா அதுக்கு வேற பேரு.

நாத்தங்கால்ல தண்ணி வடிஞ்சுதான்னு பாக்கப் போகணும். வர்றேன்.