வேப்பமரத்தடி அடுப்பு

2023 ஏப்ரல் கடைசியில் சூடான் நம்மூர்ப் பத்திரிகைகளின் முதல் பக்கத்துக்கு வந்தது. 'ஆபரேஷன் காவேரி' என்று பெயர் வைத்து, போர்ட் சூடானிலிருந்து கப்பலிலும் விமானத்திலும் ஜெட்டா வழியாக இந்தியர்களைக் கூட்டி வந்தார்கள். மூவாயிரத்துச் சொச்சம் பேர். தமிழர்களும் இருந்தார்கள். நம் ஆட்கள் வந்து சேர்ந்ததும் சூடான் உள்பக்கத்துக்குப் போனது. பிறகு அங்கேயும் காணோம்.

கூட்டிப் போக எந்தக் காவேரியும் வராதவர்கள் அங்கேயே இருந்தார்கள். அவர்களில் ஒரு கூட்டத்தைச் சூடானில் எல்லோருக்கும் தெரியும். 'சித் அல் ஷாய்' என்பார்கள். டீக்கார அம்மா.

தலைநகர் கார்த்தூமின் தெருக்களில் வேப்பமரங்கள் அதிகம். நம் வேம்புதான். ஆங்கிலேயர் காலத்தில் கடல் தாண்டிப் போய் அங்கே நிழல் மரமாகிவிட்டது. அதன் அடியில் ஒரு கரி அடுப்பு, கெண்டி, சின்ன மேசை. மேசைமேல் வரிசையாகக் கண்ணாடிச் சீசாக்கள்: டீத்தூள், இஞ்சி, பட்டை, ஏலக்காய், கிராம்பு, காய்ந்த புளிச்சைப் பூ. சுற்றிலும் கயிறு பின்னிய குட்டை முக்காலிகள். பெரும்பாலும் பாலில்லாத கடுந்தேநீர்தான். சீனியை மட்டும் தாராளமாகப் போடுவார்கள். இஞ்சி தட்டிப் போட்ட காப்பியும் உண்டு. காலையில் எண்ணெய்ச் சட்டி வைத்து, நம் போண்டா மாதிரி 'ஸலாபியா' சுடுகிறவர்களும் உண்டு.

இந்தக் கடை முழுவதும் ஒரு சாக்குப் பைக்குள் அடங்கிவிடும். அதுதான் விஷயம். படிப்பு வேண்டாம், அட்வான்ஸ் வேண்டாம், பட்டறை வேண்டாம். 1980-களில் பஞ்சமும் சண்டையும் துரத்தி, டார்ஃபூரிலிருந்தும் நூபா மலைகளிலிருந்தும் தலைநகருக்கு வந்த பெண்களுக்குக் கைகொடுத்த தொழில் இது. புருஷன் செத்திருப்பான், அல்லது ஏதோ ஒரு படையில் சேர்ந்திருப்பான், அல்லது தங்கம் தோண்டப் போனவன் திரும்பியிருக்க மாட்டான். பிள்ளைகள் மட்டும் இவள் கையில்.

அரசாங்கம் சும்மா விட்டதா என்றால், இல்லை. உமர் அல் பஷீர் ஆண்ட காலத்தில் 'கஷ்ஷா' என்று ஒரு ரெய்டு உண்டு. போலீஸ் வண்டி வரும். அடுப்பு, கெண்டி, முக்காலி எல்லாவற்றையும் அள்ளிப் போடும். அபராதம் கட்டினால்தான் மீட்கலாம். நம்மூர் நடைபாதைக் கடைக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. இந்தப் பெண்களைத் துரத்தப் பயன்பட்ட பொது ஒழுங்குச் சட்டம் 2019 நவம்பரில்தான் ஒழிந்தது.

அவதேயா மஹ்மூத் கோக்கோ அந்தக் கூட்டத்தில் ஒருவர். தெற்குக் கோர்டோஃபான் சண்டையில் ஊரை விட்டு வந்து கார்த்தூமில் டீ விற்றவர். 1990-இல் டீ, சாப்பாடு விற்கும் பெண்களுக்காக ஒரு கூட்டுறவுச் சங்கம் தொடங்கினார். நடுவில் சங்கத்தின் முதலீடு ஒன்று முங்கிப்போய், கடனுக்காக நான்கு வருடம் சிறையில் இருந்தார். வெளியே வந்து மறுபடி அதே சங்கம். உறுப்பினர்கள் எட்டாயிரத்தைத் தாண்டினார்கள். 2016-இல் அமெரிக்க வெளியுறவுத் துறை 'துணிச்சலான பெண்' விருது கொடுத்தது.

2023 ஏப்ரல் 15 அன்று, ராணுவத் தளபதி புர்ஹானும் துணை ராணுவமான ஆர்.எஸ்.எஃப். படையின் தலைவர் ஹமேதியும் மோதிக்கொண்டார்கள். ஒன்றரை வருடம் முன்னால் சேர்ந்து ஆட்சியைப் பிடித்தவர்கள்தான். முதல் குண்டே தலைநகரில் விழுந்தது. ஒரு கோடிக்கும் மேற்பட்டவர்கள் வீடிழந்து ஓடினார்கள். சண்டைக்குப் பயந்து கார்த்தூமுக்கு வந்த பெண்ணைச் சண்டை கார்த்தூமிலும் வந்து பிடித்தது. சாக்குப் பையைத் தூக்கிக்கொண்டு கஸ்ஸாலாவுக்கோ கதாரிஃபுக்கோ போர்ட் சூடானுக்கோ போனால் அங்கேயும் ஒரு மரம் இருக்கும், அடுப்பு பற்றவைக்கலாம். ஆனால் டீ குடிக்க வந்த குமாஸ்தா, மாணவன், டிரைவர் எல்லோரும் அவளைப்போலவே ஓடி வந்தவர்கள். எவன் பையிலும் காசில்லை.

இருக்கிற காசுக்கும் மதிப்பில்லை. போருக்கு முன் ஒரு டாலருக்கு அறுநூறு சூடான் பவுண்டுக்குள் இருந்தது, 2025-இல் வெளிச்சந்தையில் இரண்டாயிரத்து ஐநூறைத் தாண்டிவிட்டது. சீனி, டீத்தூள், கரி மூன்றும் விலையேற, டீயின் விலையை மட்டும் ஏற்ற முடியாது. ஏற்றினால் வாங்க ஆளில்லை.

வெளிநாட்டில் தம்பி இருந்து பணம் அனுப்பினால்? வங்கிகள் பல மாதம் மூடிக் கிடந்தன. 'பங்கக்' என்ற கைப்பேசிச் செயலியில் பணம் வரும். அதைப் பார்க்க இணையம் வேண்டும். ஸ்டார்லிங்க் வைத்திருப்பவனிடம் மணிக்கணக்குக்குக் காசு கட்ட வேண்டும். வந்த பணத்தை நோட்டாக மாற்றப் போனால் வியாபாரி நூற்றுக்கு இருபது, முப்பது பிடித்துக்கொள்வான். குண்டு போடுகிறவனை உலகத்துக்குத் தெரியும், இந்த முப்பதைப் பிடிப்பவனைப் பற்றி யாரும் தலையங்கம் எழுதுவதில்லை.

டார்ஃபூரில், முற்றுகையில் சிக்கிய எல் ஃபாஷிர் நகரில் நிலைமை வேறு. 2024 மே முதல் ஆர்.எஸ்.எஃப். படையினர் நகரைச் சுற்றி வளைத்திருந்தார்கள். உள்ளே சாப்பிட்டது 'அம்பாஸ்'. எண்ணெய் எடுத்தபின் மிஞ்சும் கடலைப் புண்ணாக்கு. மாட்டுக்குப் போடுவதைத் தண்ணீரில் ஊறவைத்துப் பிள்ளைகளுக்குக் கொடுத்தார்கள். அதற்கும் விலை ஏறியது. 2025 அக்டோபர் 26 அன்று நகரம் ஆர்.எஸ்.எஃப். கையில் விழுந்தது. தப்பித்தவர்கள் அறுபது கிலோமீட்டர் தள்ளியுள்ள தவிலாவுக்கு நடந்தார்கள். வழியில் ஆண்களைப் பிரித்து நிறுத்திக்கொண்டார்கள். புதிதாகத் தனித்துப்போன தாய்மார்கள் எத்தனை பேர் என்பதை அந்த வரிசையைப் பார்த்தே சொல்லிவிடலாம். ஆண்கள் தலைமையிலான குடும்பங்களைவிடப் பெண்கள் தலைமையிலான குடும்பங்கள் உணவு நெருக்கடியில் சிக்கும் வாய்ப்பு மூன்று மடங்கு என்று ஐ.நா. பெண்கள் அமைப்பு 2025-இல் சொன்னது.

இதற்கிடையில் இவர்களைத் தாங்கியது தெருக்காரர்கள்தான். பஷீரை வீழ்த்திய 2019 போராட்டத்தில் இருந்த இளைஞர்கள் பேட்டைக்குப் பேட்டை 'அவசர உதவி அறை' அமைத்து, நம்மூர்க் கஞ்சித் தொட்டி மாதிரி பொது அடுப்பு மூட்டினார்கள். மொச்சை, மைசூர்ப் பருப்பு, சில நாள் சோளக்கூழ். பாத்திரத்தோடு வந்து வாங்கிப் போகலாம். யாரும் பெயர் கேட்பதில்லை. பொருள் வாங்கக் காசு பெரும்பாலும் அமெரிக்க உதவியிலிருந்து வந்தது. 2025 ஜனவரியில் அந்த உதவியை நிறுத்தி வாஷிங்டனில் ஒரு கையெழுத்து விழ, ஒரு மாதத்துக்குள் ஆயிரத்து நூறுக்கும் மேற்பட்ட அடுப்புகள் அணைந்தன.

அதே ஆண்டு இந்த அறைகளுக்கு ஸ்வீடனின் 'ரைட் லைவ்லிஹுட்' விருது கிடைத்தது. தகுதியான விருதுதான். துணிச்சலுக்கு விருது கொடுக்க உலகம் எப்போதும் தயார். சீனி வாங்கக் காசு என்றால்தான் யோசிக்கிறது. 2025-க்கு ஐ.நா. சூடானுக்காகக் கேட்டது 416 கோடி டாலர். வருடம் முடிந்தபோது அதில் பாதிகூட வந்து சேரவில்லை.