இனாமாகப் போன பாட்டு

கறிவேப்பிலையைக் கொசுறாகக் கொடுக்கிறோம். மண்டியில் குத்தூசி போட்டு ஒரு பிடி அரிசியை மாதிரி காட்டுகிறோம். மூட்டையையே இனாமாகக் கொடுத்துவிட்டுக் கல்லாவை நிரப்பியவர் உண்டா? பாட்டு வியாபாரத்தில் உண்டு.

அமெரிக்காவின் 'நைன் இஞ்ச் நெயில்ஸ்' இசைக்குழுவை நடத்தும் டிரென்ட் ரெஸ்னர், 2007-ல் இசைத்தட்டுக் கம்பெனியிலிருந்து விடுபட்டவர். 2008 மார்ச்சில் 36 இசைத் துண்டுகளை இணையத்தில் வெளியிட்டார். முதல் 9 இனாம். முழுவதும் வேண்டுமானால் 5 டாலர், சி.டி.யாக 10 டாலர். கையெழுத்திட்ட பெட்டி 300 டாலர். அந்தப் பெட்டி 2,500 மட்டுமே. சில நாட்களில் அத்தனையும் தீர்ந்தது. பெருக்கிப் பாருங்கள், 7,50,000 டாலர்! அதே ஆண்டு மே மாதம் அடுத்த தொகுப்பை முழுக்க இனாமாக்கி, நண்பர்களுக்கு நகல் எடுத்துக் கொடுங்கள் என்றும் சொல்லிவிட்டார்.

இதைப் பார்த்து நம்மவர்கள் 'ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம்' என்று பலகை மாட்டிவிட வேண்டாம். பாட்டை லட்சம் பேர் நகல் எடுத்தாலும் முதல் குறையாது. நம் கிட்டங்கியில் ஒரு கிலோ துவரம்பருப்பு போனால் ஒரு கிலோ போனதுதான்.

நாம் கவனிக்க வேண்டியது வேறு. இதில் கழற்றிவிடப்பட்டவர் இடையில் இருந்த கம்பெனிக்காரர். அதாவது, நம்மைப் போன்றவர். இன்று சரக்கு தயாரிப்பவர்கள் செல்போன் வழியாக நேரே வாடிக்கையாளர் வீட்டுக்கே போகிறார்கள். மொத்த வியாபாரிக்கும் சில்லறைக் கடைக்கும் வயிற்றில் புளி கரைகிறது.

ஆனால் கடை அவ்வளவு எளிதில் ஒழிவதில்லை. இங்கிலாந்தின் 'ரேடியோஹெட்' குழு 2007 அக்டோபரில், விரும்பிய விலை கொடுத்து, கொடுக்காமலும்கூட, பாட்டை எடுத்துக்கொள்ளலாம் என்றது. பிறகு அதே பாட்டு இசைத்தட்டாகக் கடைக்கு வந்தது. 2008 ஜனவரியில் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் விற்பனையில் முதலிடம்! சும்மா கிடைத்த பாட்டையே காசு கொடுத்துக் கடையில் வாங்கியிருக்கிறார்கள்.

இன்னொன்றும் உண்டு. இந்த இரு குழுக்களும் பெயர் வாங்கியது கம்பெனிகள் முதல் போட்டு ஊரெல்லாம் பரப்பிய காலத்தில். பெயர் தெரியாத பாடகர் இனாமாகக் கொடுத்தால் யார் திரும்பிப் பார்ப்பார்? புதுச் சரக்கைக் கடனுக்கு இறக்கி, கடை கடையாக அறிமுகப்படுத்தியது நாம்தானே. இதைக் கம்பெனிகளுக்கு நினைவூட்ட வேண்டும். நமக்குத் தரும் விலைக்கும் கீழே அவர்கள் நேரடியாக விற்றால், அதே விலை நமக்கும் வேண்டும் என்று சங்கம் எழுத்து மூலம் கேட்க வேண்டும். வரும் பொதுக்குழுவில் இதைத் தீர்மானமாக வைக்க உத்தேசித்துள்ளோம்.